நாழியின் அறம்

பிரசாதம் உடம்பை ஒன்றும் செய்யாது என்றொரு நம்பிக்கை தமிழ்நாட்டில் வேரோடிக் கிடக்கிறது. நீரிழிவுக்கு மாத்திரை விழுங்குகிற ஒருவர் கோயில் பிரகாரத்தில் சர்க்கரைப் பொங்கல் தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினால், பக்கத்தில் நிற்பவர் சொல்வது எல்லோருக்கும் தெரியும்: "சாமி பிரசாதம், ஒண்ணும் பண்ணாது, சாப்பிடுங்க." இதற்கு நேரெதிரான நம்பிக்கையும் அதே வீடுகளில்தான் இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை தெரிந்த நாளிலிருந்து சோறு பகையாகிவிடுகிறது. ஒரு வாய் இனிப்பு தின்றவர் திருடி அகப்பட்டவரைப் போலக் குறுகிப்போகிறார். வீட்டிலிருப்பவர்களும் அவரை அப்படித்தான் பார்க்கிறார்கள். இந்த இரண்டும் இரு வேறு மனிதர்களின் கொள்கைகள் என்று தோன்றலாம். பெரும்பாலும் அவை ஒரே மனிதரின் இரு வேறு நாட்கள். விரதம் ஒரு நாள், விருந்து ஒரு நாள். உணவைப் பற்றி அறத்தோடு சேர்த்துப் பேச நமக்கு இந்த இரண்டு சொற்கள்தான் கைவசம் இருக்கின்றன. நடுவில் இருக்கும் 'அளவு' என்ற சொல்லை மருத்துவருக்கும் உணவியல் ஆலோசகருக்கும் கொடுத்துவிட்டோம். அளவு என்பது துறவின் குறைப்பிரசவம் அல்ல, ஆசையோடு செய்துகொண்ட சமரசமும் அல்ல. அது தன்னளவில் நிறைவான ஒரு சமய ஒழுக்கம், நம் மரபுகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்த ஒழுக்கம் என்பதே இங்கே நான் நிறுவ முயல்வது. நீரிழிவோடு வாழ்கிறவர் சோறு உண்ணலாமா என்ற கேள்விக்கு அதை விட்டால் நேர்மையான விடை இல்லை.

முதலில் உடம்பு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அரிசியின் மாவுச்சத்து குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீண்ட சங்கிலி. சமைக்காத வெள்ளை அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 78 கிராம் கார்போஹைட்ரேட். எச்சில் தொடங்கி வைக்கும் வேலையைச் சிறுகுடல் முடிக்கிறது. சங்கிலி கழன்று குளுக்கோஸாக ரத்தத்தில் இறங்குகிறது. வெல்லத்திலும் வெள்ளைச் சர்க்கரையிலும் உள்ள சுக்ரோஸில் பாதிதான் குளுக்கோஸ், மறுபாதி ஃப்ரக்டோஸ். ஆகவே எடைக்கு எடை பார்த்தால், நாக்கில் தித்திப்பே தெரியாத மாவுச்சத்துதான் ரத்தத்துக்கு அதிகக் குளுக்கோஸைத் தருகிறது. இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலினின் சொல்லைத் திசுக்கள் சரியாகக் கேட்பதில்லை. கணையமும் ஈடுகொடுத்து ஈடுகொடுத்துக் களைத்துப்போகிறது. அந்த உடம்புக்கு முன்னால் வந்து சேர்கிற குளுக்கோஸ் கேசரியிலிருந்து வந்ததா, மோர் சாதத்திலிருந்து வந்ததா என்பது கேள்வியே இல்லை. எவ்வளவு வந்தது, எவ்வளவு வேகமாக வந்தது என்பவைதான் கேள்வி. இந்தியர்கள் உண்ணும் எரிசக்தியில் சுமார் 62 சதவீதம் கார்போஹைட்ரேட்டிலிருந்து வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இந்தியாப்' ஆய்வு 2025-இல் சொன்னது. 21 நாடுகளில் 1,32,000-க்கும் மேற்பட்டோரைச் சராசரியாக ஒன்பதரை ஆண்டுகள் பின்தொடர்ந்த ப்யூர் ஆய்வு, வெள்ளை அரிசிக்கும் புதிதாக நீரிழிவு வருவதற்கும் இடையிலான தொடர்பு தெற்காசியாவில்தான் மிக வலுவாக இருப்பதாக 2020-இல் காட்டியது. தெற்காசியர்கள் உண்ட சோற்றின் அளவும் மற்ற எல்லாப் பகுதிகளையும்விட அதிகம்.

'சர்க்கரை நோய்' என்ற பெயரே நம்மை வழி தவறச் செய்கிறது. பெயரைக் கேட்டதும் குற்றவாளி இனிப்புதான் என்று மனம் முடிவு கட்டுகிறது. இனிப்பு இன்பம் தருவது; இன்பம் தருவதை விடுவது நமக்குப் பழகிய சமயச் செயல். காசிக்குப் போய்ப் பிடித்த காயையும் பழத்தையும் விட்டுவிட்டு வருகிறவர்கள் நாம். அதனால் நோயாளி காப்பியில் சர்க்கரையை விடுகிறார், லட்டை விடுகிறார், விட்டதன் நிம்மதியோடு தட்டில் சோற்றைக் குவித்துக்கொள்கிறார். விரதத்தின் தர்க்கம் இதுதான்: அது உணவை வகைகளாகப் பிரித்து ஒரு வகையை விலக்குகிறது. உடம்பின் தர்க்கமோ அளவின் தர்க்கம். இந்த இரண்டும் எவ்வளவு தூரம் விலகிப் போகும் என்பதற்குச் சான்று நம் அடுக்களையிலேயே உண்டு. அமாவாசையிலும் கிருத்திகையிலும் ஏகாதசியிலும் 'சோறு சாப்பிடுவதில்லை, பலகாரம்தான்' என்பார்கள். பலகாரம் என்ற சொல் பழ ஆகாரம் என்ற பொருளில் பிறந்தது. இன்று அது இட்லி, உப்புமா, பூரி, ஜவ்வரிசிக் கஞ்சி. ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து, கிட்டத்தட்ட வேறொன்றும் கலக்காதது. அரிசிச் சோறு என்ற வகை விலக்கப்பட்டது, விரதம் நிறைவேறியது, ரத்தத்தில் ஏறிய குளுக்கோஸ் மட்டும் குறையவில்லை. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை என்கிற ஆறுதலும் இதே வகைதான். சிறுதானியத்தின் பேரில் இன்று எழுந்திருக்கும் பக்தியிலும் இது கலந்திருக்கிறது. ராகியில் நார்ச்சத்தும் கால்சியமும் கூடுதல், அது நல்ல தானியம். ஆனால் அதிலும் 100 கிராமுக்கு 65 கிராமுக்கு மேல் கார்போஹைட்ரேட்தான். மூன்று உருண்டைக் களி மூன்று உருண்டைக் களியாகத்தான் கணக்கில் ஏறும்.

அளவை ஒரு ஆன்மிகப் பயிற்சியாக நேரடியாகப் பேசும் மிகப் பழைய சான்று பௌத்தத்தில் இருக்கிறது. சம்யுத்த நிகாயத்தில் கோசல நாட்டு அரசன் பசேனதியைப் பற்றிய பகுதியில் அது வருகிறது. பசேனதி ஒரு துரோணம் என்னும் பெரிய அளவுச் சோறு உண்கிறவன். ஒருநாள் அப்படி உண்டுவிட்டு, மூச்சு வாங்க, புத்தரிடம் வந்து அமர்கிறான். புத்தர் அவனுக்கு நோன்பு எதையும் விதிக்கவில்லை. அரிசியை விடு என்று சொல்லவில்லை. பெருந்தீனி பாவம் என்று கண்டிக்கவும் இல்லை. விழிப்போடு, அளவறிந்து உண்கிறவனுக்கு வேதனைகள் மெலிகின்றன, அவன் மெல்ல மூப்படைகிறான் என்ற பொருள்பட ஒரு சிறு பாட்டை மட்டும் சொல்கிறார். அரசனுக்குப் பின்னால் சுதசனன் என்ற இளைஞன் நிற்கிறான். இந்தப் பாட்டை மனப்பாடம் செய்து நான் உண்ணும் வேளையில் சொல், நாளொன்றுக்கு நூறு காசு தருகிறேன் என்று அரசன் அவனிடம் ஏற்பாடு செய்கிறான். உரைநூல்கள் இன்னும் நுணுக்கமாகச் சொல்கின்றன: அரசன் கடைசிக் கவளத்தை எடுக்கும் நேரம் பார்த்து இளைஞன் பாட்டைச் சொல்வான், அரசன் அந்தக் கவளத்தை வைத்துவிடுவான், அடுத்த வேளைக்கு அந்த அளவு அரிசி குறைத்து உலையில் போடப்படும். இப்படிப் படிப்படியாக இறங்கி அவன் ஒரு நாழிச் சோற்றில் வந்து நின்றான் என்று சூத்திரம் சொல்கிறது. பாலி மூலத்தில் இருக்கும் சொல் 'நாளி'. நம் நாழிதான் அது. உடல் இளைத்த அரசன் தன் கை கால்களைத் தடவிப் பார்த்துக்கொண்டு, இம்மைக்கும் மறுமைக்கும் இரண்டுக்குமே புத்தர் எனக்கு இரங்கினார் என்று நெகிழ்கிறான்.

இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது அந்த இறுதி வரிதான். உடம்பு லேசானதை அரசன் வெறும் உடல்நலமாக எடுத்துக்கொள்ளவில்லை. சோற்றைக் குறைத்ததும் மறுமைக்கான வழியும் அவனுக்கு ஒன்றாகிவிடுகின்றன. அதே நேரம் அவன் துறவியாகவும் ஆகவில்லை. அரசனாகவே இருந்தான், அரிசியையே உண்டான். இந்தப் பார்வை பௌத்தத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல. மிகையாக உண்பவனுக்கும் யோகம் இல்லை, உண்ணாமலே இருப்பவனுக்கும் இல்லை என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் அடைக்கிறது. திருக்குறளின் 95-ஆம் அதிகாரத்துக்கு மருந்து என்று பெயர். அதன் பத்துக் குறளில் ஆறு, முன்பு உண்டது செரித்ததா, இப்போது உண்பது அளவா, உடம்புக்கு ஒத்ததா என்பதைப் பற்றியவை. இன்ன தானியத்தை விலக்கு என்று ஓர் இடத்திலும் இல்லை, ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. புறநானூற்றின் 189-ஆம் பாட்டில் நக்கீரனார் நாழியை எடுத்துக்கொள்வது வேறொரு காரணத்துக்காக. உலகையே ஒரு குடைக்கீழ் ஆள்பவனும், இரவு பகல் உறங்காமல் விலங்கின் பின்னால் ஓடும் கல்லாத வேடனும் உண்ணும் அளவு ஒன்றுதான், ஆகவே செல்வத்தின் பயன் கொடுப்பதே என்பது அவர் வாதம். அங்கே நாழி வயிற்றின் எல்லை. அந்த எல்லைக்கு அப்பால் இருப்பது பிறருடையது. கோசலத்து நாழியையும் நக்கீரனாரின் நாழியையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், அளவு என்பது தன் உடம்பைக் காக்கும் தந்திரம் மட்டுமல்ல, பிறரோடு கொண்ட உறவும்கூட என்று தெரிகிறது. இந்த உறவைப் பற்றிப் பிறகு மீண்டும் பேசுகிறேன்.

இப்போது மறுப்புகள். முதலாவது, பிரசாதம் புனிதமானது, ஆகவே தீங்கு செய்யாது என்பது. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. அதன் உள்ளே ஒரு மெய்யான இறையியல் கேள்வி இருக்கிறது. இறைவனுக்குப் படைத்த பொருள் மாறுகிறதா? மாறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படி மாறுவதாகச் சொல்லும் கோட்பாடுகளில் ஆக உறுதியானது கத்தோலிக்கருடையது. திருப்பலியில் அப்பம் தன் சாரத்திலேயே கிறிஸ்துவின் உடலாகிவிடுகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆனால் அப்பத்தின் புறப்பண்புகள் எல்லாம் அப்படியே நிற்கின்றன என்றும் அதே கோட்பாடு சொல்கிறது. கோதுமையின் குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோயாளிக்குத் திருவிருந்து அப்பமும் நோய் தரும் என்பதை அந்தச் சபை ஒளிக்கவில்லை; அத்தகையவர் இரசத்தை மட்டும் பெற்றுக்கொண்டாலும் முழுமையாகப் பெற்றவரே என்று வழி வைத்திருக்கிறது. சாரமே மாறியதாகக் கருதும் மரபுகூட உடம்பின் விதி ரத்தாகிறது என்று சொல்லத் துணியவில்லை. நம் மரபும் துணிந்ததில்லை. ராமகிருஷ்ண பரமஹம்சர் தொண்டைப் புற்றுநோயில் மறைந்தார். ரமண மகரிஷியின் கையில் வந்த கட்டி திரும்பத் திரும்ப அறுத்தும் வளர்ந்து, 1950 ஏப்ரல் 14-இல் அவர் உடல் ஓய்ந்தது. அவர்களுடைய அருள்நிலையை ஐயப்படாத அடியார்கள் அவர்கள் உடம்பின் நோயையும் ஐயப்படவில்லை. தெய்வத்தன்மை வாய்ந்தவரின் உடம்புக்கே இல்லாத விலக்கை, நெய்யில் மிதக்கும் பொங்கலுக்குக் கேட்பது பக்தி ஆகாது. உடம்பை இழுக்கென்று எண்ணியிருந்து, பிறகு அதற்குள் உத்தமன் குடியிருக்கக் கண்டு அதை ஓம்பத் தொடங்கியதாகச் சொன்ன திருமூலரை நினைத்தால், ரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்வதும் கோயில் பராமரிப்புதான்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கூரியது. தீங்கு செய்யும் என்றே இருக்கட்டும், தெய்வம் தந்ததை மறுப்பது அவமதிப்பு இல்லையா? அன்னத்தை இகழாதே என்று உபநிடதம் விரதமாகவே வகுத்திருக்கிறதே? இதற்கு விடை, பிரசாதத்தை மறுக்க வேண்டிய தேவையே இல்லை என்பது. கோயிலில் நாம் பெறும் பொருள்களை எண்ணிப் பாருங்கள். தீர்த்தம் உள்ளங்கைக் குழியளவு. திருநீறு விரல்நுனி அளவு. துளசி ஓர் இலை. ஒரு குடம் தீர்த்தம் குடித்தவருக்கு ஒரு குடம் அருள் என்று யாரும் எண்ணியதில்லை. பொங்கலும் லட்டும் பஞ்சாமிர்தமும் வரும்போது மட்டும் அளவு ஏன் அருளோடு ஒட்டிக்கொள்கிறது? நாக்கு அங்கே பக்தியின் குரலில் பேசுகிறது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பழநி பஞ்சாமிர்தத்தை விரல்நுனியில் தொட்டு நாவில் வைத்தவர், டப்பாவைக் காலி செய்தவரைவிட ஒரு மாற்றுக் குறைவாகப் பெற்றவர் அல்லர். கடவுள் உயிர்களுக்கு உணவு தருவதைத் தமிழில் படியளத்தல் என்கிறோம்; கொட்டுதல் என்று சொல்வதில்லை. மதுரையில் மார்கழித் தேய்பிறை அஷ்டமியில் அந்தப் பெயரிலேயே திருவிழா நடக்கிறது. சப்பரம் வீதிகளைச் சுற்றி வரும்போது அரிசியைத் தூவிக்கொண்டே போகிறார்கள். சனங்கள் கையில் அகப்பட்ட சில மணிகளைப் பொறுக்கிக்கொண்டு போய் வீட்டு அரிசிப் பானையில் போட்டு வைக்கிறார்கள். அந்தச் சில மணிகள் போதும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தொன்னைக்கு முன்னாலும் நினைவில் வைத்துக்கொள்வதற்குப் புதிய சமயம் எதுவும் தேவையில்லை.

மூன்றாவது மறுப்பு மனித இயல்பை அறிந்தவர்களிடமிருந்து வருவது; இதை நான் மிகவும் மதிக்கிறேன். 'கொஞ்சம்' என்பது வழுக்குப் பாறை, முழுக்க விட்டுவிடுவதே எளிது, அளவு என்பது ஆசை தனக்குத்தானே கட்டிக்கொள்ளும் வேடம் என்கிறார்கள். சிலருக்கு இது உண்மை. மருத்துவச் சான்றும் ஓரளவு இந்தப் பக்கம் நிற்கிறது. பிரிட்டனில் 306 பேரைக் கொண்டு நடந்த டைரக்ட் ஆய்வில், ஒரு குழுவுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வழக்கமான உணவை முற்றிலும் நிறுத்தி நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரி மட்டும் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் அந்தக் குழுவில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலே நோய் தணிந்த நிலையில் இருந்தார்கள்; வழக்கமான சிகிச்சை பெற்ற குழுவில் 4 சதவீதம். விரதம் வென்றது என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்த மாதங்கள் முடிந்ததும் அவர்கள் உணவுக்குத்தான் திரும்பினார்கள், அளந்து உண்ண அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது, இரண்டாம் ஆண்டு முடிவில் தணிந்த நிலையில் இருந்தவர்கள் 36 சதவீதம். துறவு கதவைத் திறந்தது. உள்ளே வாழ்வதற்கு அளவு வேண்டியிருந்தது, அது கடினமாகவும் இருந்தது. 18,090 பேரின் தரவை வைத்து 2022-இல் வெளியான இந்தியாப் கணக்கீடும் கார்போஹைட்ரேட்டை அறவே விடச் சொல்லவில்லை. மொத்த எரிசக்தியில் ஏறத்தாழ பாதி என்ற இடத்துக்கு அதைக் கொண்டுவந்து, பருப்பு முதலிய புரதத்தைக் கூட்டினால் புதிதாக நோய் கண்டவர்களுக்குத் தணிவு சாத்தியம் என்றது. வழுக்குப் பாறை என்ற எச்சரிக்கைக்குப் பதில் நாழியிலேயே இருக்கிறது. நாழி ஓர் உணர்வு அல்ல, பாத்திரம். வாய் வரை நிரம்பினால் அதற்கு மேல் கொள்ளாது. 'அளவாகச் சாப்பிடுகிறேன்' என்று மனம் சொல்லும் அளவு வேடம் போடும், கிண்ணம் போடாது. பசேனதி தன் மனவுறுதியை நம்பவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். காசு கொடுத்து ஒரு குரலை வெளியிலிருந்து வாங்கினான். சோற்றுக்கென்று வைத்துக்கொண்ட ஒரு கிண்ணமும், சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் விரல்நுனியில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தமும் இன்று சுதசனனின் இடத்தில் இருக்கின்றன.

முற்றிலும் விடுவதே உயர்ந்தது என்ற எண்ணம் ஆபத்தாகவும் முடியலாம் என்பதை நோன்பின் வழியாகப் பார்க்கலாம். நோயாளிக்கும் பயணிக்கும் ரமலான் நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்று குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமே சொல்கிறது; வேறு நாளில் நோற்கலாம், இயலாதவர் ஏழைக்கு உணவளிக்கலாம். அப்படியிருந்தும் 2001-இல் 13 நாடுகளில் நடந்த எபிடயர் ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள முஸ்லிம்களில் 79 சதவீதம் பேர் குறைந்தது பதினைந்து நாள் நோன்பு இருந்தது தெரிந்தது. ரத்தச் சர்க்கரை கடுமையாகத் தாழ்ந்துபோவது அவர்களிடம் ஏழரை மடங்கு கூடியது. எல்லோரும் நோன்பிருக்கும்போது தான் மட்டும் உண்பதன் கூச்சம் பெரியது. பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்கு மாலையில் பாத்திரத்தோடு போய் நிற்பதில் ஒரு சமூகத்தின் அன்பு இருக்கிறது, அதிலிருந்து விலகி நிற்க யாருக்கும் மனம் வராது. மருத்துவரைக் கேட்டு மாத்திரை வேளைகளை மாற்றிக்கொண்டு பாதுகாப்பாக நோற்பவர்களும் பலர் உண்டு. ஆனால் இறைவன் தந்த விலக்கை ஏற்காமல் இருப்பது இறைவனைவிடக் கண்டிப்பாக இருப்பதாகும். சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிக் கை நடுங்கி வியர்த்துக் கண் இருளும் நேரத்தில் மருந்தே சர்க்கரைதான்: 15 கிராம் குளுக்கோஸ், கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதனை. காலையில் விலக்கிய அதே பொருள் மாலையில் உயிர் காக்கிறது. உணவில் பாவ வகை, புண்ணிய வகை என்று பிரித்துவைத்தவருக்கு அந்தக் கணத்தில் சர்க்கரையைக் கையில் எடுக்கவே தயக்கம் வரும்.

நோயாளியைக் குற்றவாளியாக்கும் பேச்சையும் இங்கேயே எதிர்கொள்ள வேண்டும். வாயைக் கட்டியிருந்தால் வந்திருக்காது என்பார்கள். இன்னும் மேலே போய்க் கர்மவினை என்பார்கள். ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதையே, நீரிழிவையும் உள்ளடக்கிய பிரமேகத்தைப் பிறப்போடு வருவது, தகாத உணவால் வருவது என்று இரண்டாகப் பிரித்தது. அந்த முதல் பிரிவை நம் பேச்சு மறந்துவிட்டது. புனேயில் மருத்துவ ஆய்வாளர் யாஜ்னிக்கும் அவர் குழுவினரும் அங்கு பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003-இல் எழுதியதைப் படித்தவர் யாரையும் எளிதில் பழிக்கமாட்டார். நம் குழந்தைகள் எடை குறைவாகப் பிறக்கின்றன, ஆனால் தசை மெலிந்திருக்கும் அளவுக்குக் கொழுப்பு மெலிவதில்லை. இன்சுலினோடு பிணக்கு கருவறையிலேயே தொடங்கியிருக்கக்கூடும். தாய் பட்ட பசியைப் பிள்ளையின் பேராசை என்று கணக்கெழுதுவது அநீதி. கர்மம் என்ற சொல்லை எடுப்பவர்கள்கூட அதைத் தாங்கள் இனி என்ன செய்யலாம் என்று கேட்கத்தான் எடுக்கலாம், அடுத்தவருக்குத் தீர்ப்பு எழுத அல்ல.

பிறரோடு கொண்ட உறவு என்று மேலே சொன்னதற்கு இப்போது வருகிறேன், ஏனென்றால் என் வாதத்தின் கனமான பகுதி இதுதான். அளவின் பாரத்தை உண்பவர் தலையில் மட்டும் ஏற்றுகிறோம். பரிமாறுபவருக்கு நம் உபசார மரபு அளவற்ற உரிமையைக் கொடுத்திருக்கிறது. இலையைக் கையால் மறைத்தாலும் விரலிடுக்கில் ஒரு கரண்டி சோற்றைத் தள்ளுவதுதான் அன்பு. 'ஒரு நாள்தானே' என்பதுதான் உறவு. ஆண்டில் எத்தனை 'ஒரு நாள்' வருகிறது என்று சொந்தபந்தம் உள்ள எவருக்கும் தெரியும். கொடுப்பவரின் நிறைவுக்காகக் கொடுப்பது தானத்தில் சேராது. பெறுபவரின் துன்பத்தைப் பார்த்துக் கொடுப்பதே கருணை. 1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை வள்ளலார் தொடங்கியபோது அவர் கண் இருந்தது பசித்தவரின் உடம்பில். பசி அந்த உடம்பில் என்னவெல்லாம் செய்கிறது என்று அவர் அளவுக்குக் கூர்ந்து எழுதியவர் அரிது. அதே கூர்மையோடு பார்த்தால், நீரிழிவுள்ள உடம்புக்கு மூன்றாம் கரண்டி பாயசம் என்ன செய்கிறது என்பதும் பரிமாறுபவர் அறிய வேண்டியதே. அறிந்தவர் கூட்டையும் பொரியலையும் சுண்டலையும் முதலில் வைத்து, அவை பாதி ஆன பிறகு சோற்றோடு வரலாம். காயும் புரதமும் முன்னால் போனால் பின்னால் வரும் கார்போஹைட்ரேட்டின் குளுக்கோஸ் ஏற்றம் மட்டுப்படுகிறது என்று 2015-இல் நியூயார்க்கில் 11 பேரிடம் நடந்த ஒரு சிறு ஆய்வு காட்டியது; இலையில் காய்கறி முதலில் இறங்குகிற வழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. கோயில்களும் தொன்னையைச் சிறிதாக்கலாம், பொங்கலுக்குப் பக்கத்தில் சுண்டலையும் வைக்கலாம்.

இந்த இடத்தில் ஒருவர் கேட்கலாம்: அளவு பற்றிய இந்தப் பேச்செல்லாம் வயிறு நிறைந்தவர்களுக்கானது அல்லவா? தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பருப்புக்கும் எண்ணெய்க்கும் விலை உண்டு. காய்கறிக்கும் முட்டைக்கும் சந்தை விலை. கூலி வேலைக்குப் போகிற பெண்ணிடம் சோற்றைப் பாதியாக்கு என்றால், மற்றப் பாதியை எதனால் நிரப்புவது என்று அவள் கேட்பாள். இந்த மறுப்பை நான் மறுக்கவில்லை, ஏற்றுக்கொள்கிறேன். நிரப்ப ஒன்றுமில்லாத தட்டில் அளவைப் போதிப்பது பட்டினியைப் போதிப்பதாகும். அங்கே படியளக்கிற கை அரசினுடையது. அந்தப் படியில் என்ன இருக்கிறது என்பது அறக்கேள்வியாகிவிடுகிறது. பசியைத் துரத்திய அரிசிக்கு நன்றி சொல்லிக்கொண்டே, அதே கடையில் துவரையும் கடலையும் இன்னும் தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்று கேட்பதற்கு நீரிழிவுள்ளவர்களுக்கு மட்டுமல்ல, அவர்கள் பக்கத்தில் வாழும் எல்லோருக்கும் கடமை இருக்கிறது. நக்கீரனார் நாழிக்கு மேல் இருப்பதைப் பற்றிச் சொன்னது இங்கே பொருந்துகிறது.

கடைசியாக ஒன்று. அளவு என்றால் எல்லோருக்கும் எந்நாளும் ஒரே எண் என்று எடுத்துக்கொண்டால் அதுவும் ஒரு விரதமாக இறுகிவிடும். மருத்துவ வழிகாட்டிகளே அப்படிச் சொல்வதில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பெரும்பாலோருக்கு 7 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். பல நோய்கள் சேர்ந்த முதியவருக்கு 8 என்று தளர்த்துவார்கள். மிக நலிந்து படுக்கையில் இருப்பவருக்கு எண்ணைப் பார்ப்பதையே விட்டுவிட்டு, சர்க்கரை ஆபத்தாகத் தாழாமலும், ஏறியதால் தாகமும் சோர்வும் வாட்டாமலும் பார்த்துக்கொண்டால் போதும் என்பார்கள். இருபது ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகத்தையும் விழித்திரையையும் காக்கத்தான் இன்றைய கட்டுப்பாடு. அந்த இருபது ஆண்டுகள் மீதமில்லாதவருக்கு அதன் நியாயமும் குறைந்துபோகிறது. எண்பத்தெட்டு வயதில், இட்லியும் பாலுமாக நாள் ஓட்டுகிற ஒரு தாய், பேரன் கல்யாணத்தன்று ஒரு கரண்டி பாயசம் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கூடாது என்று கிண்ணத்தை நகர்த்தும் மகன் அவளை நேசிக்கிறவன்தான், அவன் கற்ற பாடமும் தவறில்லை. ஆனால் அது நாற்பத்தைந்து வயதுக்காரருக்கான பாடம். அவளுக்குரிய நாழியில் அந்த ஒரு கரண்டிக்கு இடம் இருக்கிறது; அவன் அதை ஆற வைத்து, தன் கையாலேயே ஊட்டலாம்.